வானிலிருந்து எரிமலை வெப்பத்தை அளத்தல்: எண்ணும் வடிவமும்

எரிமலை வாயில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று அறிய விஞ்ஞானிகள் நெடுங்காலம் அதன் விளிம்புக்கே போய்வந்தார்கள். ஆவித் துளைக்குள் தெர்மோகப்பிள் கம்பியைச் செருகினார்கள். குழம்பின் நிறத்தைப் பைரோமீட்டரில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த நெருக்கத்தின் விலை என்ன என்பதை 1993 ஜனவரி 14 காட்டியது. கொலம்பியாவின் கலேராஸ் எரிமலைக்குள் அளவெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது அது வெடித்ததில் ஆறு விஞ்ஞானிகளும் உடனிருந்த மூன்று பேரும் மாண்டனர். தொலைவில் நின்றே வெப்பத்தைப் பார்க்க உதவும் அகச்சிவப்புக் கேமராவின் அருமை இத்தகைய இழப்புகளின் பின்னணியில்தான் முழுதாக விளங்கும். இன்று இத்தாலி முதல் ஹவாய் வரை கண்காணிப்பு நிலையங்கள் ஹெலிகாப்டரிலிருந்தும் ட்ரோனிலிருந்தும் எரிமலைப் பரப்பை வெப்பப் படமாக எடுக்கின்றன. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெப்பநிலை கிடைக்கிறது. அதுவும் தசமப் புள்ளியோடு. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இங்கே கேள்வி. அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்த அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு விடை தெளிகிறது. தனித்து நிற்கும் எண் பெரும்பாலும் பலவீனமான சாட்சி. வெப்பம் எங்கே இருக்கிறது, என்ன வடிவில் பரவியிருக்கிறது, முந்தைய படத்திலிருந்து எப்படி மாறியிருக்கிறது என்ற மூன்றும் வலுவான சாட்சிகள். அளவீட்டுப் பயணங்களைத் திட்டமிடுவதும் முடிவுகளை மக்களுக்குச் சொல்வதும் இந்த வேறுபாட்டை உணர்ந்து நடக்க வேண்டும்.

கேமரா என்ன பார்க்கிறது?

முதலில் கருவியின் அடிப்படையைப் பார்ப்போம். வெப்பம் உள்ள எல்லாப் பொருளும் கதிர்வீச்சை உமிழ்கிறது. பொருள் சூடாக ஆக, உமிழும் ஆற்றல் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்காகக் கூடுகிறது. அதிகம் உமிழப்படும் அலைநீளம் குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் சாதாரணப் பாறை சுமார் 10 மைக்ரான் அலைநீளத்தில் மிகுதியாக ஒளிர்கிறது. 1,100 டிகிரியில் இருக்கும் புது லாவாவின் உச்சம் சுமார் 2 மைக்ரானில் விழுகிறது. 1,000 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் லாவா, 20 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் பாறையைவிட ஏறக்குறைய 350 மடங்கு ஆற்றலை வீசுகிறது. இந்தக் கதிர்களில் பெரும்பகுதியை நீராவியும் கரியமில வாயுவும் வழியிலேயே உறிஞ்சிவிடும். ஆனால் 3 முதல் 5 மைக்ரான் வரையிலும் 8 முதல் 14 மைக்ரான் வரையிலும் காற்று ஓரளவு வழிவிடுகிறது. எரிமலை ஆய்வில் புழங்கும் கேமராக்கள் இந்த இரண்டு சாளரங்களில் ஒன்றின் வழியாகவே பார்க்கின்றன. குளிர்விப்பு தேவைப்படாத, தோளில் தூக்கிப் போகக்கூடிய கேமராக்களில் பெரும்பாலானவை இரண்டாவது சாளரத்துக்கு உரியவை. 640க்கு 480 புள்ளிகளும் 25 டிகிரி பார்வை அகலமும் உள்ள ஒரு கேமராவை ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து இயக்கினால், ஒவ்வொரு படப்புள்ளியும் தரையில் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் சதுரத்தைக் குறிக்கும். கேமரா தருவது அந்தச் சதுரத்திலிருந்து வந்து சேர்ந்த கதிர்வீச்சின் அளவு மட்டுமே. அதை வெப்பநிலையாக மாற்றுவது கணக்கு. அந்தக் கணக்குக்குள் பல அனுமானங்கள் இருக்கின்றன.

இந்த முறை புதியதன்று. 1963-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து ஹவாய் எரிமலைகளின் மேல் விமானத்தில் பறந்து அகச்சிவப்பு வருடியால் படமெடுத்தனர். அடுத்த ஆண்டு வெளியான அந்த ஆய்வு, கிலாவெயாவின் வெப்ப அமைப்பைப் படமாகக் காட்டியதோடு, தீவின் கரையோரம் கடலுக்குள் கலக்கும் குளிர்ந்த நன்னீர் ஊற்றுகளையும் அடையாளம் காட்டியது. எண்ணைவிட வடிவமே முதலில் பயன்பட்டது என்பதற்கு அந்த ஊற்றுகள் நல்ல சான்று. நீரின் துல்லிய வெப்பநிலை எதுவாக இருந்தாலும், சுற்றியுள்ள கடலைவிடக் குளிர்ந்த ஒரு நாக்கு கரையிலிருந்து நீண்டு கிடப்பதே செய்தியைச் சொல்லிவிட்டது. அதே பத்தாண்டில் பிலிப்பைன்ஸின் தால் எரிமலையிலும் ஐஸ்லாந்தின் சுர்ட்சேயிலும் இத்தகைய வானளவைகள் நடந்தன. அன்றைய வருடிகள் பருமனானவை. படத்தைத் திரைக்குக் கொண்டுவந்து அலச நாட்கள் பிடிக்கும். 2000-க்குப் பிறகு கைக்கேமரா பரவலானதும் நிலைமை மாறியது. பறந்துகொண்டிருக்கும்போதே படம் கண்முன் வந்தது. எண் உடனே தெரியத் தொடங்கியதும், அந்த எண்ணின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கையும் கூடவே வந்தது.

எண் ஏன் தடுமாறுகிறது?

முதல் தடுமாற்றம் கலப்பிலிருந்து வருகிறது. ஒரு படப்புள்ளி மூடும் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் 1,000 டிகிரி லாவா, மீதி 20 டிகிரி பாறை என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலையையும் அலைநீளத்தையும் கதிர்வீச்சோடு இணைக்கும் பிளாங்க் விதியைக் கொண்டு கணக்கிட்டால், 10 மைக்ரானில் பார்க்கும் கேமரா அந்தப் புள்ளியை ஏறக்குறைய 52 டிகிரி என்று காட்டும். அதே புள்ளியை அதே கணத்தில் 4 மைக்ரானில் பார்க்கும் கேமரா ஏறக்குறைய 215 டிகிரி என்று காட்டும். இரண்டு கருவிகளும் பழுதற்றவை. இரண்டும் சரியாகவே அளக்கின்றன. ஆனால் 52 டிகிரியிலும் 215 டிகிரியிலும் அங்கே எந்தப் பொருளும் இல்லை. இருப்பவை 20 டிகிரியும் 1,000 டிகிரியும்தான். எரிமலைப் பரப்பு இயல்பிலேயே இப்படிக் கலந்து கிடப்பது: விரிசலில் ஒளிரும் குழம்பு, அதன் ஓரத்தில் கறுத்த ஓடு, அதை அடுத்துச் சாம்பல். ஆகவே திரையில் தெரியும் எண், கருவியின் அலைநீளம், பறந்த உயரம், லென்ஸின் அகலம் ஆகிய எல்லாவற்றையும் பொறுத்து மாறுகிறது. இரண்டு அலைநீளங்களில் ஒரே நேரம் எடுத்தால் கலப்பின் விகிதத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம் என்று 1980-களில் செயற்கைக்கோள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அந்தக் கணக்கும் பரப்பில் இரண்டே வெப்பநிலைகள் இருப்பதாகக் கொண்டுதான் தொடங்குகிறது. விரிசலிலிருந்து ஓடு வரை வெப்பம் படிப்படியாக இறங்கும் உண்மையான லாவாவில் அந்தத் தொடக்கமே தோராயம்.

இரண்டாவது தடுமாற்றம் லாவாவின் மேலோட்டில் இருக்கிறது. நீறு பூத்த நெருப்பைப் போல, உருகிய பாறை காற்றைத் தொட்ட சில நொடிகளிலேயே தன் மேல் ஓர் ஓட்டை வளர்த்துக்கொள்கிறது. ஹவாயில் வழவழப்பான மேலோடு கொண்ட லாவாவை அளந்து 1994-இல் வெளியான ஆய்வின்படி, வெளிவந்து ஒரு மணி நேரத்தில் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 300 டிகிரிக்கும், பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய 160 டிகிரிக்கும் இறங்கிவிடுகிறது. ஓட்டின் அடியிலோ குழம்பு 1,000 டிகிரிக்கு மேல் உருகிய நிலையிலேயே நீடிக்கலாம். பாறை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதே காரணம். எனவே மேற்பரப்பில் படிக்கும் எண் உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சொல்வதில்லை. ஓட்டின் வயதைத்தான் ஓரளவு சொல்கிறது. இதைக் குறையாகப் பார்ப்பவர் உண்டு. வேறு கோணத்தில் பார்த்தால் இதுவே பெரும் வசதி. பக்கத்துப் பக்கத்தில் கறுப்பாகக் கிடக்கும் இரண்டு லாவாப் பரப்புகளில் எது இன்று காலை வந்தது, எது நேற்று வந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. வெப்பப் படம் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

மூன்றாவது தடுமாற்றம் கேமராவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள வழியில் இருக்கிறது. பாறையின் உமிழ்திறன், அதாவது அதே வெப்பநிலையில் முழுமையாக உமிழும் பொருளோடு ஒப்பிட அது எவ்வளவு பங்கை உமிழ்கிறது என்பது, சரியாகத் தெரியாமல்போவதைப் பெரிய சிக்கலாகப் பாடநூல்கள் பேசுகின்றன. பாசால்ட் என்ற எரிமலைப் பாறையின் உமிழ்திறன் சுமார் 0.95. அதை 1 என்று தவறாகக் கொண்டாலும், 10 மைக்ரானில், 230 டிகிரியை ஒட்டிய பரப்பில் பிழை எட்டு டிகிரி அளவில்தான் நிற்கும். ஆவிப்படலம் செய்யும் கேடு இதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆவித் துளையிலிருந்து எழும் வெண்ணிற நீராவியில் மிதக்கும் நுண்துளிகள் அகச்சிவப்பைத் திரைபோட்டு மறைக்கின்றன. கந்தக டையாக்சைடு 8.6 மைக்ரானை ஒட்டி உறிஞ்சுகிறது. மிகச் செயலூக்கமுள்ள துளையே மிக அடர்த்தியாகப் புகைவதால், எதைப் பார்க்க வேண்டுமோ அதுவே அதிகம் மறைகிறது. இதோடு கோணமும் சேர்கிறது: பரப்பைச் சாய்வாகப் பார்க்கப் பார்க்க உமிழ்திறன் குறைந்து காட்டும், படப்புள்ளி நீண்டு கலப்பு கூடும். செங்குத்துச் சுவர் கொண்ட வாயின் அடித்தளத்தை விளிம்பில் நிற்பவரால் பார்க்கவே முடியாது. பகல் வெயிலில் கருமையான பாறை தானாகவே சூடேறி, மெல்லிய நில வெப்பத்தை மூழ்கடித்துவிடும். அதனால்தான் மங்கலான வெப்பத்தைத் தேடும் பயணங்கள் விடியுமுன் புறப்படுகின்றன. இத்தனையும் சேரும்போது படத்திலுள்ள எண்ணை வெப்பநிலை என்று சொல்வதைவிடத் தோற்ற வெப்பநிலை என்று சொல்வதே நேர்மை. ஆய்வாளர்களில் கவனமானவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வடிவம் சொல்லும் செய்தி

எண்ணை இவ்வளவு குறைத்து மதிப்பிட்டபின் மிஞ்சுவது என்ன? மிஞ்சுவதே பெரிது என்பதற்கு ஸ்ட்ராம்போலி சான்று. இத்தாலியின் அந்தச் சிறு எரிமலைத் தீவில் 2002 டிசம்பர் 28 அன்று பக்கவாட்டில் பிளவு திறந்து லாவா கடலை நோக்கி ஓடியது. இரண்டு நாளில் சியாரா டெல் ஃபுவோகோ எனப்படும் சரிவு இடிந்து கடலுக்குள் விழ, சுனாமி எழுந்து கரையோர வீடுகளைத் தாக்கியது. அதற்குப் பின் இத்தாலியத் தேசியப் புவி இயற்பியல், எரிமலையியல் நிறுவனத்தார் வெப்பக் கேமராவோடு ஹெலிகாப்டரில் அடிக்கடி பறந்தனர். தூசியும் ஆவியும் மூடிய சரிவில் புதிய பிளவு எங்கே திறக்கிறது, எந்தத் துளை அடைகிறது, லாவாவின் எந்தக் கிளை இன்னும் ஓடுகிறது என்பவற்றைப் படங்கள் வரிசையாகக் காட்டின. அந்த வெடிப்பின் காலவரிசை பின்னர் பெருமளவு இந்தப் படங்களைக் கொண்டே எழுதப்பட்டது. இங்கே முடிவெடுக்க உதவியவை பிளவின் நீளமும் திசையுமே. பிளவு 400 டிகிரியா 600 டிகிரியா என்ற கேள்விக்கு விடை தெரியாமலிருந்தாலும் மீட்புக் குழுவின் முடிவு மாறியிருக்காது. சரிவுக்குக் குறுக்கே ஒரு வெப்பக் கோடு நீண்டால் அது இன்னொரு சரிவின் முன்னறிகுறியாக இருக்கலாம். அதைக் காண எண்ணின் துல்லியம் தேவையில்லை.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 2004-இல் வேறொரு வகையான விடையைத் தந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று நிலநடுக்கத் தொடர் ஆரம்பித்தது. அக்டோபர் 1 அன்று ஆவியும் சாம்பலும் வெடித்து எழுந்தன. வாய்க்குள் பனிப்பாளமும் பழைய பாறையும் உப்பி எழும்பிக்கொண்டிருந்தன. அடியில் மாக்மா இருக்கிறது என்று எல்லோரும் கருதினாலும், அது மேற்பரப்பை எட்டிவிட்டதா என்பதே அவசரமான கேள்வி. எட்டாவிட்டால் அழுத்தம் தேங்கிப் பெருவெடிப்பு நேரலாம். எட்டி அமைதியாக வழிந்தால் ஆபத்தின் தன்மை வேறு. அக்டோபர் 11 அன்று ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த வெப்பப் படத்தில், உப்பலின் ஒரு பகுதியில் பல நூறு டிகிரி வெப்பம் தெரிந்தது. அதுவரை ஆவியால் சூடான மண்ணும் பாறையும் மட்டுமே தெரிந்த இடம் அது. லாவா வெளிவந்துவிட்டது என்ற செய்தியை அந்த மாற்றம் உறுதி செய்தது. லாவா குவிமாடம் 2008 ஜனவரி வரை வளர்ந்தது. இங்கே எண்ணும் உதவியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; ஆனால் உதவிய விதத்தைக் கவனிக்க வேண்டும். நீராவி தரக்கூடிய வெப்பத்துக்கும் உருகிய பாறை தரக்கூடிய வெப்பத்துக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் தாண்டியதா இல்லையா என்று கேட்கும்போது ஐம்பது டிகிரிப் பிழை ஒரு பொருட்டே இல்லை.

கிலாவெயாவில் 2014 ஜூன் 27 அன்று தொடங்கிய லாவா ஓட்டம் காட்டின் வழியே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஊர்ந்து பஹோவா என்ற சிற்றூரின் விளிம்பை எட்டியது. நவம்பரில் ஒரு வீட்டை எரித்துவிட்டு, ஊரின் நடுச்சாலையை அடையுமுன் நின்றது. அத்தனை மாதமும் ஊர்மக்களின் கேள்வி ஒன்றே: எந்த முனை நகர்கிறது? ஓட்டத்தின் முன்முனை நின்றுபோனாலும், பின்னால் ஓட்டைப் பிளந்துகொண்டு புதிய கிளை கிளம்பி வேறு பள்ளத்தில் இறங்கலாம். பரந்த கறுப்புப் பரப்பில் இந்தக் கிளைகளைக் கண்ணால் தேடுவது கடினம். ஹவாய் எரிமலை நிலையத்தார் ஹெலிகாப்டரில் ஓட்டத்தின் நெடுகப் பறந்து, நூற்றுக்கணக்கான வெப்பப் படங்களைக் கணினியில் ஒன்றாகத் தைத்து நிலப்படத்தோடு பொருத்தினார்கள். சூடான கிளைகள், அடியில் லாவா ஓடும் குழாயின் தடம், ஆறிப்போன பகுதி ஆகிய எல்லாம் ஒரே படத்தில் விழுந்தன. ஓடு வளர்வதால் எண் பொய்க்கிறது என்று மேலே சொன்ன குறை, இங்கே வயதைப் பிரித்துக் காட்டும் கருவியாகவே மாறிவிட்டது.

எண்ணையே நம்பக்கூடிய இடம் அறவே இல்லையா என்றால், உண்டு. அதே கிலாவெயாவில் 2018-இல் உச்சிப் பள்ளம் இடிந்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழமானது. அடித்தளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனது. 2019 ஜூலை இறுதியில் ஹெலிகாப்டர் ஓட்டுநர் ஒருவர் அங்கே நீர் தேங்கியிருப்பதைக் கண்டார். மனிதர் இறங்க முடியாத அந்தக் குட்டையின் வெப்பநிலை தொடர்ந்து வெப்பக் கேமராவால் அளக்கப்பட்டது. அது 80 டிகிரியை ஒட்டிக் காட்டியது. குட்டை ஏறக்குறைய 50 மீட்டர் ஆழமுள்ள ஏரியாக வளர்ந்து, 2020 டிசம்பர் 20 அன்று லாவா புகுந்ததும் சில மணி நேரத்துக்குள் ஆவியாகிப்போனது. நீரின் உமிழ்திறன் நன்றாகத் தெரிந்தது, ஏறக்குறைய முழுமையானது. நீர்ப்பரப்பு படப்புள்ளியை முழுதாக நிரப்புகிறது. வெப்பம் பெரிதாக வேறுபடுவதில்லை. கலப்பும் இல்லை, ஓடும் இல்லை. அங்கேகூட ஆவித் திரை இல்லாத இடங்களைத் தேர்ந்தெடுத்தே எண்ணைப் படிக்க வேண்டும். ஆவியாதலால் மேற்தோல் மட்டும் சற்றுக் குளிர்ந்திருப்பதையும் மறக்கக் கூடாது. ஆக, எண்ணின் நம்பகம் கேமராவின் விலையைப் பொறுத்ததன்று, பார்க்கப்படும் பரப்பின் இயல்பைப் பொறுத்தது. சீரான பரப்பில் எண் பேசும். சிதறிய பரப்பில் வடிவம் பேசும்.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. வெப்பப் படத்தின் மூலம் எரிமலை எத்தனை மெகாவாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்றும், அதிலிருந்து லாவா எவ்வளவு வேகமாக வெளிவருகிறது என்றும் கணக்கிட முடியும். அறிவியலுக்கு வேண்டியது அந்த அளவுதானே என்று கேட்கலாம். இத்தகைய கணக்குகள் இருபது, முப்பது ஆண்டுகளாக நடக்கின்றன. பயனுள்ள தோராயங்களையும் தந்திருக்கின்றன. ஆனால் அவற்றின் வரம்பு தெரிந்ததே. ஓடுகள் ஆறுவதற்குக் காலம் எடுப்பதால், வெளிவரும் வேகம் மாறினாலும் மேற்பரப்பின் மொத்த வெப்பம் தாமதித்துத்தான் மாறும். லாவா குழாய்க்குள் போனால் மேற்பரப்பு வெப்பம் குறையும், ஓட்டம் குறைந்திருக்காது. ஆவித் துளைகள் நிறைந்த வாயில் ஆற்றலின் பெரும்பகுதி நீராவியோடு போகிறது. கதிர்வீச்சாக வருவது சிறுபகுதி. நான்காம் அடுக்கு விதியின் கீழ், நூற்றில் ஒரு பங்கு 1,000 டிகிரிப் பரப்பு மீதி 99 பங்கைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமாக ஆற்றலை வீசும் என்பதால், சிறிய விரிசல் ஒன்றைத் தவறவிட்டாலே கணக்கு சரிந்துவிடும். எனவே மொத்த வெப்பத்தை வெளியிடுவதைக் குறை சொல்லத் தேவையில்லை. பிழை வரம்பில்லாமல் வெளியிடுவதையும், வெவ்வேறு உயரத்தில் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டு எரிமலை சூடாகிவிட்டது என்று சொல்வதையும் குறை சொல்லலாம். ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே கருவி என்று எடுத்த தொடரில் மொத்த வெப்பத்தின் ஏற்ற இறக்கம் பொருளுள்ளது. அப்போதும் பொருள் தருவது மாற்றமே.

இரண்டாவது மறுப்பு கடுமையானது: வடிவமோ எண்ணோ, வெப்பப் படத்தால் வெடிப்பை முன்கூட்டிச் சொல்ல முடியாதே! வாஷிங்டன் மாநிலத்தின் பேக்கர் மலையில் 1975 மார்ச்சில் ஷெர்மன் வாயின் வெப்பம் பன்மடங்கு கூடியது. பனி உருகிக் குழிகள் விழுந்தன. வான்வழி அகச்சிவப்புப் படங்கள் அதை வரைந்தன. அடிவாரப் பொழுதுபோக்கிடங்கள் மூடப்பட்டன, நீர்த்தேக்கத்தின் மட்டம் இறக்கப்பட்டது. மலை வெடிக்கவில்லை. மறுபுறம், ஐந்தாண்டு கழித்துச் செயின்ட் ஹெலன்ஸில் வடக்குச் சரிவு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை உப்பிக்கொண்டிருந்தபோது வான்வழி வெப்ப அளவைகள் நடந்தன. உப்பலில் சூடான இடங்கள் தெரிந்தன. ஆனால் 1980 மே 18 காலை 8.32-க்கு மலை சரிந்து வெடிக்கும் என்று எந்தக் கருவியும் சொல்லவில்லை. 57 பேர் இறந்தனர். ஜப்பானின் ஒன்டகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று ஆவி வெடிப்பாகச் சீறியபோது மலையேறிகள் உட்பட 63 பேர் இறந்தோ காணாமலோ போயினர். அத்தகைய வெடிப்பில் மேற்பரப்பு முன்கூட்டியே சூடேற வேண்டிய கட்டாயமே இல்லை. இந்த மூன்றும் உண்மை. இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம் வெப்பப் படம் பயனற்றது என்பதன்று. அது விடை சொல்லும் கேள்வி வேறு. எப்போது என்பதற்கு நில அதிர்வும் நில உருமாற்றமும் வாயு அளவீடும் அதிகம் உதவுகின்றன. எங்கே, என்ன நிலையில் என்பதற்கு வெப்பப் படம் உதவுகிறது. பேக்கரில் வெப்பம் கூடியபோதும் நில அதிர்வு கூடவில்லை. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டபோது அபாயத்தை நிதானமாக எடைபோடும் வாய்ப்புக் கிடைத்தது. சரிவின் உறுதியை வெப்பப் படம் அளக்காது. அளப்பதாக எண்ணியவர்தான் ஏமாறுவார்.

மூன்றாவது மறுப்பு செயற்கைக்கோள்களின் பெயரால் வருகிறது. மோடிஸ் கருவி 2000 முதல் உலகின் எரிமலைகளை நாளுக்குச் சில முறை பார்க்கிறது. லேண்ட்சாட்டும் ஆஸ்டரும் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கின்றன. பிறகு ஹெலிகாப்டர் எதற்கு? தொலைதூரத் தீவுகளுக்கு இந்த மறுப்பு முற்றிலும் பொருந்தும். அந்தமானின் பேரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்து 1991-இல் விழித்தது. 1994-95-இலும் 2005-க்குப் பின்னும் மீண்டும் பொங்கியது. மனிதர் வசிக்காத, கப்பலில் மட்டுமே நெருங்கக்கூடிய அந்த இடத்தில் செயற்கைக்கோள் வெப்பப் படமே நடைமுறைச் சாத்தியமான கண்காணிப்பு. ஆனால் மோடிஸின் வெப்பப் படப்புள்ளி ஒரு கிலோமீட்டர் அகலம். லேண்ட்சாட் 8-இன் புள்ளி 100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த ஹெலிகாப்டர் படத்தின் இருபதாயிரம் புள்ளிகள் ஒரே லேண்ட்சாட் புள்ளிக்குள் அடங்கும். எரிமலை விழித்ததா என்ற கேள்விக்குச் செயற்கைக்கோள் போதும். பிளவு எந்தப் பக்கம் நீள்கிறது என்ற கேள்விக்கு அதன் கண் போதாது. அதோடு மேகம் மறைத்தால் அந்த நாளின் படமே இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. செயற்கைக்கோள் தொடர்ச்சியைத் தருகிறது, தாழப் பறக்கும் கேமரா நுணுக்கத்தைத் தருகிறது.

ஆபத்தும் செலவும் மீதமிருக்கும் மறுப்பு. 2003 ஏப்ரல் 5 காலை ஸ்ட்ராம்போலியின் உச்சி பயங்கரமாக வெடித்துப் பாறைகள் ஜினோஸ்ட்ரா ஊர் வரை வந்து விழுந்தபோது, கண்காணிப்பு ஹெலிகாப்டர் ஒன்று வானில்தான் இருந்தது. அதனால் அந்த வெடிப்பைப் பற்றி அரிய பதிவுகள் கிடைத்தன. ஆனால் கேமரா தொலைவிலிருந்து அளப்பதால் ஆபத்தே இல்லை என்ற எண்ணத்துக்கு அது சரியான மறுமொழி. ட்ரோன் இந்தச் சமநிலையை மாற்றியிருக்கிறது. 2018-இல் கிலாவெயாவின் கீழ்ப்பகுதியில் பிளவுகள் திறந்து 700-க்கு மேற்பட்ட வீடுகளை லாவா விழுங்கிய மாதங்களில், ட்ரோன் குழுக்கள் இரவும் பகலும் ஓட்டத்தைப் பின்தொடர்ந்தன. லாவா நெருங்கிய வீட்டில் சிக்கிய ஒருவரை ட்ரோனைப் பின்தொடரச் சொல்லி இருட்டில் வழிகாட்டி மீட்ட நிகழ்வும் அப்போது நடந்தது. ஆனாலும் ட்ரோனில் ஏறும் சிறிய கேமராக்கள் குளிர்விப்பு இல்லாதவை. பறக்கும்போது காற்று பட்டுக் கேமராவின் உடலே குளிர்ந்து அளவு நழுவும். சில பத்து நிமிடங்களுக்கு மேல் பறக்கவும் முடியாது. ட்ரோன் பரவப் பரவ, எண் மலிவாகக் கிடைக்கும், நம்பகம் கூடாது. வடிவத்தைப் படிக்கும் பழக்கம் இல்லாதவர் கையில் அது அதிக எண்களையும் அதிகக் குழப்பத்தையுமே தரும்.

செய்ய வேண்டியவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து நடைமுறை முடிவுகள் சில தாமாகவே எழுகின்றன. முதலாவது, அமைதியான காலத்தில் பறப்பது. மாற்றமே சிறந்த சாட்சி என்றால், மாற்றத்துக்கு முந்தைய படம் இருந்தாக வேண்டும். எரிமலை சீறிய பிறகு முதன்முறையாகப் பறப்பவர் கையில் வண்ணமயமான படம் இருக்கும். ஒப்பிட எதுவும் இருக்காது. நிதி ஒதுக்குபவர்களுக்கு இதை உணர்த்துவதுதான் கடினம், ஏனென்றால் ஒன்றும் நடக்காத ஆண்டில் எடுத்த படம் வீண்செலவாகத் தோன்றும். இரண்டாவது, பயணத்தை மாறாமல் வைத்திருப்பது: விடியுமுன் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே உயரம், ஒரே கோணம். புது கேமரா வாங்கினால் பழையதையும் சேர்த்து ஒருமுறை பறக்க வேண்டும். மூன்றாவது, படத்தோடு தொலைவையும் காற்றின் ஈரப்பதத்தையும் படப்புள்ளியின் அளவையும் சேர்த்தே வெளியிடுவது. இவை இல்லாத உச்ச வெப்பநிலை ஒரு செய்தித் தலைப்பாகலாம், சான்றாகாது. நான்காவது, நில அதிர்வையும் வாயுவையும் பார்ப்பவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து படத்தைப் படிப்பது. பேக்கரும் செயின்ட் ஹெலன்ஸும் தந்த பாடம் அதுவே.

பொதுமக்களிடம் பேசும் விதமும் இதனால் மாற வேண்டியிருக்கிறது. எரிமலை வாய் இவ்வளவு டிகிரி என்று அறிவித்தால், அடுத்த வாரம் எண் குறைந்ததும் ஆபத்து குறைந்ததாக மக்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த வாரம் ஆவி அடர்ந்து துளையை மறைத்ததாலேயே எண் குறைந்திருக்கலாம். மாறாக, மேற்குச் சரிவில் போன மாதம் இல்லாத வெப்பக் கோடு ஒன்று இப்போது தெரிகிறது, அது ஊரை நோக்கிய பள்ளத்தின் தலைப்பில் இருக்கிறது என்று சொன்னால், கேட்பவர் தன் வீடு எங்கே இருக்கிறது என்று உடனே எண்ணிப் பார்ப்பார். வெப்பக் கேமரா தரக்கூடிய மிக உறுதியான அறிவு இதுதான். மக்களுக்கு மிகத் தேவையான அறிவும் இதுவே. கருவிகள் இன்னும் நுணுக்கமாகும், ட்ரோன்கள் இன்னும் நீண்ட நேரம் பறக்கும், கலப்பைப் பிரிக்கும் கணக்குகள் மேம்படும். அப்போது எண்ணின் மதிப்பும் உயரலாம். ஆனால் சிதறிய, ஓடு மூடிய, ஆவி சூழ்ந்த பரப்பாக எரிமலை இருக்கும்வரை, வெப்பப் படத்தை முதலில் வரைபடமாகப் படித்துவிட்டு, பிறகே வெப்பமானியாகப் படிக்க வேண்டும் என்ற வரிசை மாறப்போவதில்லை.